கரிக்குப் பதில் கத்தி

போன மாதம் ஓர் அரசு அலுவலக வாசலில் என் கைப்பையைச் சோதித்த காவலர், அதிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை வெளியே எடுத்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபத்திரண்டு வயது, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் சிறு சிலுவை, முழங்காலில் பட்டை. இந்த உருவத்துக்கும் கத்திக்கும் அவருக்குக் கணக்கு உதைத்தது. "எதுக்கும்மா இது?" என்று கேட்டார். நிலம் அளக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. சின்ன வயது, வேலைக்குப் புதுசு.

உள்ளே வேலை முடிந்து திரும்பியதும் கத்தியை என்னிடம் நீட்டினார். நான் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொல்லி, அவர் வைத்த பிறகு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவரிடம் காவலர் ஏதோ சொன்னார், அந்த ஆள் சிரித்தார். எனக்கு வரிசையில் நின்று விளக்கப் பொறுமை இல்லை. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்து எழுத ஒத்துழைக்கிறது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் நில அளவராக இருந்தேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கேட்கிறார்கள், அது சொல்கிறது. நாங்கள் சங்கிலியைக் கேட்டோம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓராண்டு வெயிலில் நின்றோம். என்னோடு சேர்ந்த பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், இன்னொருத்தி வங்கித் தேர்வில் தேறிப் போனாள். நான் இரண்டிலும் தேறாமல் நில அளவர் ஆனேன்.

என் முதல் மேலதிகாரி ஆய்வாளர் தேவராஜன் சார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் அவருக்குத் தேவைப்படவில்லை. நாம் சொன்னதை அப்படியே நம்மிடம் திருப்பிச் சொல்வார், கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்து. "பஸ் லேட் சார்" என்றால், "பஸ் லேட்டு?" என்பார். அதோடு சரி. அதற்குமேல் நமக்கே நம் பேச்சில் நம்பிக்கை போய்விடும். இன்னொரு வாக்கியமும் அவரிடம் உண்டு. "எழுதினது நடந்தது. எழுதாதது நடக்கல." அலுவலகத்தில் எல்லோரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இத்தனையும் எழுத வேண்டியிருக்கிறது.

அரசாங்கம் எங்களுக்குச் சங்கிலி கொடுத்தது, அம்பு என்று சொல்லும் இரும்புக் கம்பிகள் பத்துக் கொடுத்தது, செங்கோணம் பார்க்கக் குறுக்குக்கோல் கொடுத்தது. கத்தி கொடுக்கவில்லை. கத்தி இல்லாமல் வயலுக்குப் போகக் கூடாது என்பது தேவராஜன் சாரின் சொந்தச் சட்டம். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவரும் அவர் எதிரில் நின்று கத்தியால் பென்சில் சீவ வேண்டும். கூர் ஒரு நெல் நீளம் இருக்க வேண்டும், அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. ஒருவர் ஒருமுறை ஷார்ப்னர் கொண்டுவந்தார். சார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதால கால்ல ஏறுன முள்ள எடுப்பியா?" என்று கேட்டார். மறுவாரம் அவரும் கத்தியோடு வந்தார்.

என் கத்தியை ஆரணி பஸ் நிலையத்துக்கு அருகில் ஓர் இரும்புக் கடையில் வாங்கினேன். கடைக்கார பாய் எட்டுக் கத்திகளை எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் விரித்து, பையிலிருந்த சங்கிலிக் கண்ணியோடு வைத்துப் பார்த்தேன். கண்ணி இருபது சென்டிமீட்டர். முள்ளில் மாட்டி இழுத்தால் கண்ணி நீண்டுவிடும், அதைச் சரிபார்க்கக் கையோடு ஓர் அளவு இருந்தால் நல்லது என்பது என் யோசனை. பாய் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார். "கத்திய கூர் பாத்து வாங்குவாங்க மா. நீளம் பாத்து வாங்கிகினு போற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். ஏழாவது கத்தி சரியாக ஒரு கண்ணி இருந்தது.

மரப்பிடி. பாய் தேக்கு என்றார், அலுவலகத்தில் வேம்பு என்றார்கள். பிடியின் கழுத்தில் ஒரு பித்தளை வளையம். விரித்தபின் அதைத் திருப்பினால் அலகு மடங்காமல் நிற்கும். ஆணியைக் காய்ச்சிப் பிடியில் என் பெயரின் முதல் எழுத்தான 'ரோ'வைச் சுட்டேன், கீழே அடையாளத்துக்கு மூன்று வெட்டுப் போட்டேன். மாதம் ஒருமுறை பிடிக்கு வேப்பெண்ணெய் தடவுவேன். எங்கள் வீட்டில் தறி இருந்தது. விரித்த பாவு நூலுக்குப் பக்கத்தில் திறந்த கத்தியை வைத்தால் முதுகில் அடி விழும். அப்படி வளர்ந்தவளுக்கு மடக்குகிற கத்திதான் சரி.

வந்தவாசிப் பக்கம், தேசூர்ப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம் என்று எல்லா இடத்துக்கும் அது வந்தது. வேலிக்காத்தான் புதருக்குள் போன சங்கிலியை மீட்டது. முளைக்குச்சி சீவியது. செயின்மேன் முனுசாமி அண்ணன் குதிகாலிலிருந்து விரல்கடை நீளத்துக்கு ஒரு கருவேல முள்ளை எடுத்தது. அளவு முடிந்ததும் வெள்ளரிக்காயையும் நறுக்கியது. செயின்மேன் என்றால் சங்கிலி பிடிப்பவர், குழி தோண்டுபவர், கல் நடுபவர், நாய் துரத்தினால் முன்னால் நிற்பவர். முனுசாமி அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் கத்தி அவருக்குப் பிடிக்கும். "பாய்கிட்ட இதே மாரி இன்னொன்னு இருக்குமா மேடம்?" என்று ஒருமுறை கேட்டார். எட்டாவது கத்தி நீளம் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பாய் அப்படித்தான் விற்றார், முனுசாமி அண்ணன் அப்படித்தான் வாங்குவார், என் ஞானஸ்நானத்துக்கும் இந்த வழக்கத்துக்கும் பகை எதுவும் இல்லை. அதிலும் எங்கள் தொழிலில் போகிற இடமெல்லாம் சண்டை தயாராகக் காத்திருக்கும். அளக்கப் போனவர்கள் நம் பங்குக்கு வேறு கொண்டுபோக வேண்டாம் என்று இதில் நாங்கள் மிகவும் கறாராக இருந்தோம்.

தேவராஜன் சாரின் இன்னொரு சட்டம் கரி. எல்லைக்கல் நடும் குழியில் முதலில் இரண்டு கைப்பிடி அடுப்புக்கரி போட வேண்டும். கல்லை யாராவது பிடுங்கி நகர்த்தினாலும் கரி மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். எங்கே கரி இருக்கிறதோ அங்கேதான் கல் இருந்தது. இது துறை விதியில் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, சாரின் விதியில் இருந்தது. இஸ்திரிக் கடையில் ஒரு பை கரி வாங்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு கல்லுக்கும் குறிப்பில் "கரி இடப்பட்டது" என்று எழுதுவேன்.

படவேட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். மாணிக்கம், வெங்கடேசன் என்று இரண்டு சகோதரர்கள் வாழைத்தோட்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு அண்ணன் மாணிக்கத்தின் பங்கில், எல்லைக்கு நெருக்கத்தில். வெங்கடேசனுக்குத் தனியாகப் போர்வெல் போட்டுக்கொள்ள இடம். இருவரும் ஒப்புக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று கற்கள். இரண்டு கல் நட்டதும் கரிப்பை காலி. இன்னொரு பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். மூன்றாவது கல்தான் கிணற்றோரக் கல். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த வழியில் பஸ் அன்றைக்கு இன்னும் ஒன்றுதான்.

குழிக்குள் பக்கத்துப் புங்கமரத்தின் வேர் ஒன்று குறுக்கே ஓடியது. முனுசாமி அண்ணன் கத்தி கேட்டார். நான் விரித்து, வளையத்தைத் திருப்பி, குழியின் ஓரத்தில் தோண்டிப் போட்ட மண்மேல் வைத்தேன். அவர் எடுத்து வேரை அறுத்துவிட்டு, வழக்கப்படி அதே மண்மேல் வைத்தார். நான் அப்போது பார்க்கவில்லை. குறிப்பேட்டில் மூன்றாவது கல்லுக்கு எதிரே "கரி இடப்பட்டது" என்று எழுதிக்கொண்டிருந்தேன். தூறல் விழுந்தது. கல்லை இறக்கினார்கள். மாணிக்கம் மண்வெட்டியால் மண்ணைச் சரசரவென்று இழுத்து மூடினார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கத்தி இல்லை. முனுசாமி அண்ணன் மழையில் நனைந்துகொண்டு பஸ் ஹாரன் அடிக்கும்வரை தேடினார். ரொம்ப நன்றாகத் தேடினார் என்று எனக்குத் தோன்றியது. அளவுக்கு மீறி நன்றாகத் தேடுகிறாரோ என்றும் தோன்றியது. எட்டாவது கத்தியைப் பற்றி அவர் கேட்டது ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தைகூட நான் அவரிடம் கேட்கவில்லை. புதுக் கத்தி வாங்கினேன். அதற்குப் பிறகு அவர் கேட்டால் கத்தியைக் கீழே வைக்காமல், "எங்க அறுக்கணும், சொல்லுங்க" என்று நானே போய் அறுத்தேன். வேலை முடிந்ததும் பையில் போட்டு ஜிப்பை இழுப்பேன். பதினோரு வருடம் இப்படி. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நடந்தது.

பதினோராம் வருடம் குப்பம்மாளிடமிருந்து மனு வந்தது. குப்பம்மாள் மாணிக்கத்தின் மனைவி. மாணிக்கம் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல் நகர்ந்துவிட்டது, கிணறு இப்போது கொழுந்தன் பக்கம் போய்விட்டது, தண்ணீர் இறைக்க விடுவதில்லை, வாழை காய்கிறது என்று எழுதியிருந்தாள். நாங்கள் எந்தப் பழைய கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினோமோ அது, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. வேறு மூலையிலிருந்து அளந்தால் இரண்டு மீட்டர் இப்படியும் வரும், அப்படியும் வரும். கிணறு அந்த இரண்டு மீட்டருக்குள் இருந்தது.

தேவராஜன் சார் அப்போது உதவி இயக்குநர். அவரே நேரில் வந்தார். நானும் முனுசாமி அண்ணனும் போனோம். வெங்கடேசன் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எங்கள் அலுவலகம் கொடுத்த நகலை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. மூன்றாவது கல், கரி இடப்பட்டது. "கல்லு அடியில தோண்டிப் பாருங்க சார். கரி இருந்தா அது வெச்ச எடத்துலதான் கீது. இல்லன்னா நா ஒத்துக்கறேன்" என்றார். நியாயமான பேச்சு. ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள்.

தோண்டினார்கள். கரி இருந்தது.

கைப்பிடி கைப்பிடியாக வந்துகொண்டே இருந்தது. நான் இரண்டு கைப்பிடிக்கு மேல் போட்டதில்லை, இஸ்திரிக் கடைக்காரர் கணக்காகத்தான் கொடுப்பார். அங்கே ஒரு கூடைக் கரி கிடந்தது. அரசு வேலையில் இவ்வளவு தாராளமாக யாரும் கரி போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கல்லை நகர்த்தியவர் என் குறிப்பைப் படித்து, அதில் எழுதியிருந்தபடியே ஒழுங்காகச் செய்திருக்கிறார். அந்த வேலையில் நான் எழுதியதை உண்மையில் நிறைவேற்றியவர் அவர் ஒருவர்தான்.

குப்பம்மாள் கரியைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இனி எழுந்து எங்கே போவது என்று தெரியாதவர்கள் உட்காரும் விதம் அது.

நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் சரியாக இருந்தது. குறிப்பு சரி, கரி சரி, கல் சரி, என் வேலையும் சரி. பதவி உயர்வுப் பட்டியலில் அந்த ஆண்டு என் பெயர் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒளிக்க ஒன்றும் இல்லை.

"சார், இந்தக் கல்லுக்கு நான் கரி போடல" என்றேன்.

"கரி போடல?"

"போடல சார். பையை பஸ்ல வுட்டுட்டேன்."

"எழுதியிருக்க?"

"எழுதினேன் சார்."

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வெங்கடேசன் குரல் உயர்ந்தது. மேடம் அண்ணியோடு சேர்ந்துகொண்டு மாற்றிப் பேசுகிறார், எழுத்தை நம்புவதா இப்போது சொல்வதை நம்புவதா என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. பொய் எழுதியவள் வாயால் சொல்வதை யார் எதற்காக நம்ப வேண்டும்?

அதுவரை ஒதுங்கி நின்ற முனுசாமி அண்ணன் கடப்பாரையோடு முன்னால் வந்தார். அந்தக் குழியில் ஒரு புங்க வேரைத் தான் அறுத்ததாகச் சொன்னார். மரம் இப்போது இல்லை. வெட்டிய கட்டை மட்டும் துளிர்விட்டு நின்றது. கட்டையிலிருந்து கிணற்றை ஒருமுறை பார்த்து, நாலு எட்டு வைத்து, ஓரிடத்தில் கடப்பாரையை ஊன்றினார். தோட்டம் முழுக்கக் குழி தோண்ட முடியாது என்று வெங்கடேசன் மறித்தார். "ஒரு குழி" என்றார் சார். "ஒன்னுதான்."

முழங்கை ஆழம் வரை ஒன்றுமில்லை. பிறகு வேர் வந்தது. பழைய வெட்டு, நேரான வெட்டு, சுற்றிலும் புது வேர்கள் கிளைத்திருந்தன. வேரை வேறு யாரும் அறுத்திருக்கலாம் என்று வெங்கடேசன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடப்பாரையில் ஏதோ டங்கென்றது. முனுசாமி அண்ணன் குனிந்து கையால் மண்ணை விலக்கினார். அப்படியே குனிந்தபடி இருந்தார். பிறகு அதை எடுத்து, குழியின் ஓரத்தில், என் கால் அருகே வைத்தார்.

அலகு துருப்பிடித்துச் சிவந்து போயிருந்தது. வளையம் பச்சை பூத்திருந்தது. வேப்பெண்ணெய் குடித்த பிடியைக் கரையான் தொடவில்லை. 'ரோ' இருந்தது, மூன்று வெட்டும் இருந்தன. சார் தன் அளவுகோலை வைத்துப் பார்த்தார். விரித்தபடியே ஒரு கண்ணி.

"இவங்களே நேத்து வந்து பொதைச்சிருப்பாங்க சார்" என்றார் வெங்கடேசன்.

வளையத்தைச் சுற்றி இறுகிப் போயிருந்த ஒரு புங்க வேர், சுண்டுவிரல் கனத்தில், கத்தியோடு பிய்ந்து வந்திருந்தது. சார் அதை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "நேத்து?" என்றார்.

வெங்கடேசன் நகலை உறைக்குள் போட்டுக்கொண்டார். சார் என் பக்கம் திரும்பி, எழுது என்றார். குறிப்பேட்டைத் திறந்தேன். "கல் நட்ட குழியில் கரிக்குப் பதில் கத்தி இருந்தது" என்று அவர் சொன்னார், நான் எழுதினேன். யாருடைய கத்தி என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "உண்மைய எழுது. இந்தத் தடவையாவது" என்றார். அவர் வாழ்க்கையில் கேள்விக்குறி இல்லாமல் என்னிடம் சொன்ன சொற்ப வாக்கியங்களில் அது ஒன்று.

கல் பழைய இடத்துக்கு வந்தது, கிணறு குப்பம்மாளுக்கு வந்தது. அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "நீ அன்னிக்கே ரெண்டு கரி போட்டிருந்தா எனுக்கு இந்த ரெண்டு வருசப் பேஜாரு வந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு மோட்டார் போடப் போனாள். சரியான கேள்வி.

எனக்கு மெமோ வந்தது. கரி போடவில்லை, போட்டதாக எழுதினேன், தவறு என்று மூன்றே சொற்றொடரில் விளக்கம் கொடுத்தேன். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

வேறொன்றில்தான் தூக்கம் போயிற்று. அன்று திரும்பும் பஸ்ஸில் முனுசாமி அண்ணன் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஆரணி வரை அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. இறங்கி, "பாத்துப் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். பொய் எழுதியதை ஊர் நடுவில் சொல்ல முடிந்தவளுக்கு இதை ஓர் ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கத்தி கோப்போடு போய், விசாரணை முடிந்து, அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. முனுசாமி அண்ணன் ஓய்வுபெற ஒரு வாரம் இருந்தது. பழுப்பு உறையை அவர்தான் கொண்டுவந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் உறையைப் பிரித்து, கத்தியை எடுத்து, மேசையில் வைக்கப் போனார்.

"அண்ணே" என்றேன். "நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

"தெரியும் மேடம்" என்றார். "அதான் நீங்க பென்சில் சீவறப்பலாம் நா வெளிய போயி நின்னுகினு இருந்தேன்."

பதினோரு வருடத் திங்கட்கிழமைகளும் எனக்கு ஞாபகம் வந்தன. அவர் பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்குப் பீடிப் பழக்கம் இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார், கத்தியை மேசைமேல் வைக்கக் குனிந்தார். நான் கையை நீட்டினேன்.

"கையில குடுங்கண்ணே."

"வேணாம் மேடம். சண்ட வரும்."

"பதினோரு வருசமா நான் உங்ககிட்ட சண்டதான போட்டுகினு இருந்தேன். இனிமே இன்னா வரப்போவுது?"

அவர் வளையத்தை முறுக்கித் திருப்பினார், துரு உதிரக் கத்தியை மடக்கினார், பிடிப்பக்கம் எனக்கு வரும்படி என் உள்ளங்கையில் வைத்தார்.

இதுவரை சண்டை வரவில்லை. மற்றவர்கள் மேசைமேல்தான் வைக்க வேண்டும்.